கொட்டகையில் நீ ஊதாத பாட்டு

தம்பி,

போன சனிக்கிழமை நீ கொண்டுவந்து கராஜில் இறக்கிய ஐந்து பெட்டிகளில் நாலு போய்விட்டன. "இதெல்லாம் பேர்த்துக்குக் கொண்டுபோக ஏலாதம்மா, ஒப் ஷொப்புக்குக் குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லாமல் போனாய். பழைய சாமான் கடைக்குக் கொடுப்பதென்றாலும் தூசு தட்டித்தான் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஐந்தாவது பெட்டியைத் திறந்து உன் பழைய கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். அடியில் உன் ட்ரம்பெட், அதன் கறுப்புப் பெட்டியோடு இருந்தது. இப்போது அது குசினி மேசையில் இருக்கிறது. மூன்று நாளாக நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று உனக்கு எரிச்சல் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நீ. எழுத்துக்கூட்டி அரைப் பக்கம் வாசிப்பாய், அதற்குமேல் தலையிடி வந்துவிடும். போனை எழுத்துக்கு மேலே பிடித்தால் அது ஆங்கிலத்தில் மாற்றித் தரும் என்பாய். என் ஒடியல் கூழ் செய்முறையை அது உன் எம்மாவுக்கு என்ன பாடுபடுத்திக் கொடுத்தது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துச் சிரித்தீர்களே, மறந்துபோனாயா? ஆங்கிலத்திலேயே நேரில் சொல்லியிருக்கலாம். ஒன்பது மாதமாகச் சந்தர்ப்பம் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் நான் நன்றாகப் பொய் சொல்வேன், தம்பி. எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் மரியாதையான சொற்கள். இந்த விஷயத்துக்கு அவை உதவாது.

பிள்ளைக்குக் கடிதம் எழுதும் தாய் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அறுபத்தேழு வயது. ஒரு நல்ல புத்தியாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வாசிப்பை நிறுத்துமுன். உன் கல்யாண வரவேற்பில் உன்னை ஊதக் கூப்பிடாமல் விட்டது பாண்ட் நடத்திய க்ளென் அல்ல. நான்தான் அவரிடம் சொல்லி நிறுத்தினேன். நீ நன்றாக ஊதவில்லை என்பதால் அவர் உன்னை ஒதுக்கியதாக நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அது பொய். மிச்சம் எல்லாம் இந்தப் பொய் எப்படி வந்தது என்பதுதான்.

அப்பா போய் இரண்டு வருஷம் நான் இந்த வெரிபீ வீட்டில் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் உன் கல்யாணம் நிச்சயமானது. தாலிகட்டு கோவிலில், அடுத்த நாள் பகல் வரவேற்பு எம்மாவின் தாய் தகப்பனின் பண்ணையில் என்று முடிவாகியது. பலராட் பட்டணத்துக்கும் அப்பால், நாலு கேற்று திறந்து மூடிப் போகவேண்டிய இடம். முன்பு ஆட்டுக்கு மயிர் கத்தரித்த கொட்டகையை இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். "அம்மா, பாண்ட் பிடிக்கிறது உங்கட வேலை. ஜாஸ் பாண்ட். மற்றதெல்லாம் நாங்கள் பாக்கிறம்" என்றாய். எனக்கு ஒரு வேலை தந்து எழுப்பி நடக்கவைக்கப் பார்க்கிறாய் என்று அப்போதே தெரிந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது என்று மூன்று நாளுக்கு முன்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். ஜீலோங்கில் இருக்கும் க்ளெனைக் கண்டுபிடித்து, அவருடைய ஆட்கள் ஒரு பூங்காவில் வாசித்தபோது போய் ஒரு மணிநேரம் நின்று கேட்டேன். பிறகு அவர் ஒரு பட்டியல் அனுப்பினார். ஆறு பேர். நிற்கிற தளம் மட்டமாக இருக்கவேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு வேண்டும். டிரம்ஸ் ஏற்றிய வான் கொட்டகை வாசல்வரை வர வழி வேண்டும், கேற்றுகள் திறந்திருக்கவேண்டும். இரண்டு வேறு லைனிலிருந்து கரண்ட் வேண்டும், அதில் வேறொன்றும் கொழுவக்கூடாது. கடைசி வரி, விருந்தினர் சாப்பிடுகிற அதே சாப்பாடு, ஆறு பேரும் இருந்து சாப்பிட ஒரு மேசை. நான் மூன்று தரம் அந்தப் பண்ணைக்குக் காரோட்டிப் போனேன். எம்மாவின் தகப்பனோடு நின்று, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய கேத்தலையும் ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தேன். கொட்டகை முழுக்க இருட்டாகியது. கேத்தலை அடுத்த ஷெட்டுக்கு மாற்றினோம். க்ளென் போனில், தான் எத்தனையோ பண்ணைக் கல்யாணங்களுக்கு வாசித்திருந்தாலும் இப்படி ஒரு அம்மாவைக் காணவில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளுக்குப் பெயர் ஒட்டி அனுப்பியவள் நான், ஒரு நாளும் ஒருவருடைய தட்டு மாறிப்போனதில்லை என்று அவருக்குப் பெருமையடித்தேன்.

இனி உன் பதினாறு வயதுக்கு வரவேண்டும். பள்ளிக்கூட விழாவில் நீ எழும்பி நின்று தனியாக ஊதினாயே, அன்று சிட்னி டூங்கபியிலிருந்து மாமா வந்திருந்தார். என் அண்ணன், எங்கள் பக்கத்தில் மூத்தவர், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது ஆறு மாதம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். உனக்குக் கைதட்டினார். பிறகு கார்த் தரிப்பிடத்தில் என்னிடமும் அப்பாவிடமும் சொன்னார்: "பெடியன் நல்லாத்தான் ஊதுறான். ஆனா எங்கட ஆக்கள் ஊதுறதுக்கு ஆள் பிடிக்கிறவை, தங்கச்சி. ஊதப் போறவையில்லை." அவர் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த விஷயத்தைப் பேசும்போது எங்கள் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும்.

உனக்கு விளங்காது. விளங்காமல் வளர்த்தோம், அதை ஒரு சாதனையாகவும் நினைத்தோம். ஊரில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க வந்தவர்கள் சாதியில் எங்களுக்குக் கீழே என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். என் அக்காவின் கல்யாணத்தில் மூன்று மணிநேரம் ஊதிய மனிதர் தண்ணீர் கேட்டார். நான் கிளாசில் கொண்டுபோனேன், பத்து வயது. என் தகப்பன் கிளாசை வாங்கி வைத்துவிட்டு, அந்த மனிதரின் இரண்டு கையிலும் செம்பால் வார்த்தார். அவர் குனிந்து குடித்தார். வாசிக்கிறபோது எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினவர்கள்தான். இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கிளாஸ் எங்கே வைக்கப்பட்டது என்பதுகூட எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மாமா சிட்னிக்குத் திரும்பிய கிழமையே உன் ட்ரம்பெட்டில் வாய்வைத்து ஊதும் துண்டு, அந்த மௌத்பீஸ், காணாமல் போனது. வீட்டைப் புரட்டித் தேடினாய். அப்பா "பரீட்சைக் காலம், அது துலைஞ்சது நல்லதுக்குத்தான்" என்றார். நானும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். அது அரிசி வாளிக்குள் இருந்தது, பிளாஸ்டிக் பையில் சுற்றி நான்தான் புதைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது அளக்கிற சுண்டு கிணுங்கென்று அதில் முட்டும். பரீட்சை முடிந்த பிறகு அலுமாரிக்குப் பின்னால் கண்டெடுத்தேன் என்று நீட்டினேன். அதற்குள் பள்ளிக்கூடக் குழுவில் உன் இடத்தில் வேறொருவன் இருந்தான். நீ எஞ்சினியர் ஆனாய். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, க்ளென் போன் எடுத்தார். நான் ஸ்பிரிங்வேல் கடையில் கோவில் சடங்குக்கு வாழையிலை சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன விஷயம் என்றார். "உங்கட மகன் முதல் பகுதியின்ர கடைசிப் பாட்டுக்கு எங்களோட வந்து ஊதப்போறார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்ற மாதிரிக் கேட்டார். தெரியாது. நீ இரண்டு தரம் ஜீலோங்குக்குப் போய் அவர்களோடு ஒத்திகை பார்த்திருக்கிறாய். ஐந்து மாதமாக வேலை முடிந்து கார்த் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊதிப் பழகியிருக்கிறாய். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ ஊதுவது அழகாக இருக்கிறது என்றார். அவசரமில்லாமல் ஊதுகிறாய், அது எல்லோருக்கும் வராது என்றார். இந்த வசனத்தை இரண்டு தரம் எழுத்துக்கூட்டி வாசி, தம்பி. இதை ஒன்பது மாதம் உன்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். அரிசி வாளியில் ஒளித்ததைவிட இது பெரிய களவு.

எனக்குக் கண்ணுக்கு முன் வந்தது உன் முகமல்ல. மாமாவும் சிட்னியிலிருந்து அவரோடு வரும் முப்பது பேரும். அவர்கள் முன்னால் மாப்பிள்ளை எழும்பிப்போய், கூலிக்கு வந்தவர்களோடு நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவான். வாழையிலைக்காரிக்குக் கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு, நான் ஆங்கிலத்தில் பேசினேன். எங்கள் கல்ச்சரில் மாப்பிள்ளை கல்யாண நாட்களில் வாத்தியம் தொடக்கூடாது, கெட்ட சகுனம் என்றேன். மகனுக்கு இது தெரியும், ஆனால் உங்களிடம் மறுத்துச் சொல்லக் கூச்சப்படுகிறான் என்றேன். கூப்பிடவேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லவும் வேண்டாம் என்றேன். அப்படி ஒரு சகுனம் எங்கேயும் இல்லை. அதற்கு க்ளென், "இது உங்கட கல்ச்சர் விஷயம் எண்டா நாங்கள் மதிக்கிறம்" என்றார். இந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் நல்ல மனிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். இருபத்தைந்து இலை சொல்லிவிட்டு ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.

வரவேற்பன்று நடந்ததில் பாதி நீ கண்டாய். சாப்பாட்டு நேரம் அந்த ஆறு பேருக்கும் நான் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மேசையில் பெட்டிச் சாப்பாடு வைப்பித்திருந்தேன். எம்மாவின் தாய் உள்ளே அவர்களுக்கு ஒரு மேசை விரித்திருந்தா. அதை நான் எங்கள் ஆட்களின் கைப்பைகள் வைக்கும் இடமாக்கினேன். நீ வேட்டி சால்வையோடு உன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாய். நான் பின்னால் ஓடிவந்தேன். "அம்மா, ஏன் இவை இங்க இருக்கினம்? தே ஆர் கெஸ்ட்ஸ்" என்றாய். "உள்ளுக்க இடம் காணாது தம்பி" என்றேன். உள்ளே பதினொரு கதிரை சும்மா கிடந்தது. நீ அந்தப் பிளாஸ்டிக் மேசையில் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாய். மாப்பிள்ளை எங்கே என்று ஆட்கள் தேடினார்கள். சோற்றைப் பிசைந்தபடி அவரோடு நீ சிரித்துக் கதைத்ததைத் தாங்கிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. என் மேல் அல்ல, உன் மேல்.

பிறகு அந்தப் பாட்டு. நீ மேசைக்குக் கீழிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்து, கொளுக்கியைத் திறந்து, விரலால் வேட்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். பாட்டு பாதிக்கு வந்தது. க்ளென் உன்னைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். ஒரு தரம் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது, இடைவேளை என்றார்கள். நீ கொளுக்கியைப் பூட்டினாய். காலால் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினாய். எம்மா உன் காதில் ஏதோ கேட்டாள், நீ தலையை ஆட்டிச் சிரித்தாய். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் அர்த்தமே இல்லை. உன் முகம் செத்துப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாமாவும் ஆட்களும் சிட்னிக்குப் புறப்படுமுன், அவர் காருக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தார். வயது போய்விட்டது அவருக்கும். அந்த ஜாஸ் ஆட்களோடு நின்று படம் எடுத்ததைப் போனில் காட்டினார். பிறகு, "தங்கச்சி, உவன் சின்னனில ஏதோ குழல் ஊதுறவனெல்லே? நல்லா ஊதுவான். இண்டைக்கு ஒரு பாட்டு ஊதியிருக்கலாமே" என்றார். நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். நக்கல் இல்லை. தான் சொன்னது அவருக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் காவல் காத்த அந்த வசனத்தைச் சொன்னவரே அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே பழியை அவர்மேல் போடவும் எனக்கு வழியில்லை. அது என்னுடையதாகவே இருந்திருக்கிறது, அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த மாதம் நீ இங்கே வந்தாய். இதே மேசை. "நான் அவ்வளவுக்கு நல்லா ஊதேல்லை அம்மா. கடைசி நேரத்தில க்ளென் பயந்திட்டார்போல. பாவம், சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். இட்ஸ் ஓகே" என்றாய். நான் உன் கோப்பைக்குத் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வசனம் போதும். "நான்தான் தடுத்தனான்" என்றால் முடிந்தது. சீனி போதுமோ என்று கேட்டேன். "ஓம், காணும்" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ போன் எடுத்தாய், நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். ஒவ்வொரு ஞாயிறும் நான் காலநிலை பேசினேன். நீ க்ளெனிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. உனக்குக் கேட்க வெட்கம், அவருக்கு எங்கள் கல்ச்சரில் மரியாதை. இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் நான் வசதியாக ஒளிந்திருந்தேன். புத்தி என்று ஒன்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: உன்னை ஒருவர் வேண்டாம் என்றால், போய் அவர் வாயால் கேள். அம்மா சொல்வதை நம்பாதே.

இனி அந்தப் பெட்டி. ட்ரம்பெட்டை எடுத்துத் துடைப்போம் என்று தூக்கியபோது அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. க்ளென் கொடுத்த பாட்டு வரிசை. ஒன்பதாவது பாட்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாய். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ். யாரிடம் கேட்டுச் சரிபார்த்தாயோ தெரியாது, இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தது. வாய்விட்டு வாசித்தால்தான் எனக்கு விளங்கியது, ஆகவே இந்த வெறும் வீட்டில் வாய்விட்டு வாசித்தேன்.

"அம்மா, இந்தப் பாட்டு உங்களுக்கு. அப்பாவும் எங்கயோ இருந்து கேக்கட்டும். நீங்கள் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்ச மௌத்பீஸாலதான் ஊதப்போறன். எனக்கு அப்பவே தெரியும். கோவம் இல்லை."

நீ மன்னித்தது அரிசி வாளியை. கொட்டகையில் நடந்தது உனக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய். நான் பிடித்த பாண்டோடு நின்று எனக்காகவே ஊதத்தான் பாண்ட் பிடிக்கும் வேலையை என்னிடம் தந்தாய் என்பது இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்வது? அந்த மத்தியானத்தைத் திரும்பக் கொண்டுவர என்னிடம் ஒரு பட்டியலும் இல்லை.

ட்ரம்பெட்டைக் கடைக்குக் கொடுக்கவில்லை. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேர்த்துக்கு அனுப்புவேன், இந்தக் கடிதத்தையும் அந்தப் பெட்டிக்குள் வைத்து. இவ்வளவையும் நீ தனியாக வாசிக்கமாட்டாய். அங்கே யாராவது ஒரு தமிழ் ஆளைத் தேடிப்பிடித்து வாசிப்பிக்கவேண்டி வரும். அவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டாலும் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

இதை என் மகனுக்கு வாசித்துக் காட்டும் அண்ணையோ அக்காவோ, நீங்கள் யாராக இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். சாதி என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டாம். அவன் நன்றாக ஊதுகிறான் என்று க்ளென் சொன்ன இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

அம்மா